ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் வைஃபை போகிறது: என் அனுபவம்

நான்கு நாளாக லேப்டாப்பில் வைஃபை விட்டுவிட்டு வந்தது. ரூட்டர் அடுத்த அறையில்தான். போனில் ஒரு தடங்கலும் இல்லை. டிரைவரை நீக்கி மறுபடி போட்டேன், பவர் சேவிங்கை நிறுத்தினேன், ரூட்டரின் வைஃபை சேனலை 1, 6, 11 என்று மாற்றிப் பார்த்தேன். பலனில்லை.

நேற்று ராத்திரிதான் கவனித்தேன்: நெட் போகும்போதெல்லாம் வயர்லெஸ் மவுஸும் திக்கித் திக்கி நகர்ந்தது. இரண்டுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுபவை. அந்நேரம் இடப்பக்க நீல யூஎஸ்பி 3.0 போர்ட்டில் வெளி ஹார்ட் டிஸ்க் பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தது. ரூட்டருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டபடியே டிஸ்க்கைக் கழற்றினேன். வரிசையாக டைம் அவுட் காட்டிய திரையில் சட்டென்று 3 மில்லிசெகண்டில் பதில். திரும்பச் செருகினேன், மறுபடி டைம் அவுட்!

யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதன் கேபிளும் கனெக்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். கேபிளுக்குள் இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை தரமில்லாததாக இருந்தால் இன்னும் மோசம்.

லேப்டாப்பை ரூட்டரின் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன், வைஃபை சரியாகிவிட்டது. மவுஸ் ரிசீவரை வலப்பக்க போர்ட்டுக்கு மாற்றி, டிஸ்க்குக்கு நல்ல உறையுள்ள ஒரு மீட்டர் கேபிள் போட்டு அதைத் தள்ளி வைத்தேன். அப்புறம் முழு பேக்கப் முடியும்வரை ஒருமுறைகூட அறுபடவில்லை. அப்பாடா!