கேப்பிபாராவை பாத்ரூமில் வளர்க்கலாமா?

தண்டையார்பேட்டையில் அக்கா பையனின் ஸ்கூல் பையில் ஒரு கேப்பிபாரா பொம்மை தொங்குகிறது. கேப்பிபாரா தென் அமெரிக்காவில் நீரோரம் வாழும் பிராணி. தலையில் ஒரு ஆரஞ்சுப் பழம். "மாமா, நாமளும் ஒண்ணு வாங்கி வளக்கலாம். பாத்ரூம்ல விட்டுடலாம்" என்கிறான். கேப்பிபாராவைப் பற்றி நாம் தப்பாக நினைப்பதில் பாதி அந்தப் பேச்சிலேயே இருக்கிறது.

பழம் ஜப்பான் சமாசாரம். அங்கே இசு தீபகற்பத்தில் உள்ள உயிரியல் பூங்கா ஒன்றில் 1982 முதல் கேப்பிபாராக்களை வெந்நீரில் குளிக்க விடுகிறார்கள். குளிர்காலத்தில் யுசு என்ற எலுமிச்சை வகையை மிதக்கவிட்டுக் குளிப்பது அந்த ஊர் வழக்கம். அது இவற்றின் தலைக்கும் ஏறிவிட்டது.

அக்காவுக்கு அது பெருச்சாளி. கொறிக்கும் இனம்தான், ஆனால் நெருங்கிய சொந்தம் கினிப் பன்றி. வளர்ந்தது 35 முதல் 65 கிலோ வரை இருக்கும். குப்பையைக் கிளறாது; முக்கியச் சாப்பாடு புல்தான். காலையில் தன் சாணத்தையே ஒருமுறை தின்னும், புல்லின் சத்தை இரண்டாம் சுற்றில் எடுக்க. முகம் சுளிக்காதீர்கள், முயலும் இதையேதான் செய்கிறது.

பெரிய தவறு சேற்றைப் பற்றியது. அழுக்கில் புரளுகிற பிராணி, சோப்புப் போட்டால் சரியாகிவிடும் என்ற நினைப்பு. அதன் முடி முரடு, அதுவும் அடர்த்தி இல்லை; வெயிலில் தோல் காய்ந்துபோகும். சேற்றுப் பூச்சுதான் அதற்குக் குடை. கண், காது, மூக்கு மூன்றும் தலையின் உச்சியில் இருப்பதால் உடம்பு முழுவதையும் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்க்கும். சிறுத்தை போன்ற ஜாகுவார் தெரிந்தால் ஒன்று குரைக்கும், கூட்டமே தண்ணீரில் பாயும். ஐந்து நிமிடம் வரை மூச்சடக்கும். இணை சேர்வதும் தண்ணீரில்தான். வெனிசுவேலாவின் புல்வெளிகளிலும் பிரேசிலின் பந்தனால் சதுப்பிலும் பத்து, இருபதாக வாழும். மழையில்லாத மாதங்களில் குட்டைகள் வற்றும்போது நூறு வரைகூட ஒரே இடத்தில் சேரும். ஒன்றை மட்டும் பிரித்துக் கொண்டுவந்து பக்கெட் தண்ணீரில் நிறுத்துவது பாவம்.

'எல்லோருக்கும் நண்பன்' என்று இணையத்தில் சொல்வதும் அரைகுறைதான். ஆண் கேப்பிபாராக்கள் தங்களுக்குள் கடித்துக்கொள்ளும். பிரேசிலில் உண்ணிக் காய்ச்சல் பரவுவதில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

2021இல் அர்ஜென்டினாவின் நோர்தெல்தா குடியிருப்புக்குள் கேப்பிபாராக்கள் 'படையெடுத்தன' என்று செய்தி வந்தது. பரானா ஆற்றுச் சதுப்பை மேடாக்கிக் கட்டிய வீடுகள் அவை. யார் யார் வீட்டுக்குள் புகுந்தார்கள் என்பது வடசென்னைச் சதுப்போரம் வாழும் மணலி, எண்ணூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். இங்கேயும் 'சும்மா கிடக்கிற சேறு' என்பார்கள். அந்தச் சேற்றைக் கையால் தடவித்தான் எண்ணூர் கழிமுகத்தில் இன்றும் இறால் பிடிக்கிறார்கள்.

போன ஞாயிறு பையனை முகத்துவாரத்துக்குக் கூட்டிப்போனேன். ஓரத்தில் கால் வைத்ததுமே ஒரு செருப்பு உள்ளே போய்விட்டது. அதைத் தோண்டி எடுப்பதற்குள் பதினோரு நண்டு வளைகளை எண்ணிவிட்டான்.