செபலாஸ்பிஸ் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாடையற்ற பழங்காலக் கவச மீனான செபலாஸ்பிஸை டைனோசர்களோடு சேர்த்துவிடுவது பரவலான தவறு. டெவோனியன் காலத்தின் தொடக்கத்தில், சுமார் 41 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மீன் இது. முதல் டைனோசர் தோன்ற அதற்கப்புறம் 17 கோடி ஆண்டுகளாவது ஆனது. டங்கிலியோஸ்டியஸோடும் குழப்ப வேண்டாம். அதுவும் கவச மீன்தான், ஆனால் தாடை உள்ளது, உருவமும் பல மடங்கு பெரியது.

படம் வரைபவர்கள் இதற்குக் கடிக்கும் வாய் வைத்துவிடுகிறார்கள். தாடையே இல்லாத மீன் எதைக் கடிக்கும்? வாய் தலைக்கு அடியில் இருந்தது. செவுள் துளைகளும் அடியில்தான், பக்கவாட்டில் அல்ல. கண்கள் மட்டும் மேலே, நெருக்கமாக இருந்தன. லாட வடிவத் தலைக்கவசத்தின் இரு கொம்புகளை ஒட்டி ஒரு ஜோடி முன்துடுப்புகள் உண்டு. இவற்றை விட்டுவிடாதீர்கள், காரணம் அடுத்து வருகிறது.

கண்களுக்கு நடுவே ஒரே ஒரு மூக்குத்துளை இருப்பதால் இதை லாம்ப்ரேயின் (இன்றும் வாழும், ஒற்றை மூக்குத்துளை கொண்ட தாடையற்ற மீன்) மூதாதை என்று எழுதுபவர்கள் இன்றும் உண்டு. ஸ்வீடனின் தொல்லுயிரியலாளர் எரிக் ஸ்டென்ஷியோ, ஆர்க்டிக் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனில் கிடைத்த இதன் உறவு மீன்களின் கவசங்களை அடுக்கடுக்காகத் தேய்த்து, மூளையும் நரம்புகளும் இருந்த குழிகளை வரைந்து 1927-ல் வெளியிட்டார். அபாரமான வேலை. ஆனால் லாம்ப்ரே உறவு என்ற அவரது முடிவு நிற்கவில்லை. ஜோடித் துடுப்புகளும் செல்கள் கொண்ட எலும்பும் இந்தக் கூட்டத்தைத் தாடையுள்ள மீன்களுக்கு அருகில் வைக்கின்றன. அதற்காக நம் நேரடி மூதாதை என்றும் எழுதிவிடக் கூடாது. இது சந்ததியின்றி அழிந்த ஒரு பக்கக் கிளை.

கவசத்தின் மேல் உள்ள மூன்று தனிப் பரப்புகளை மின்சார உறுப்புகள் என்று ஸ்டென்ஷியோ கருதினார். சில நூல்களில் அது உறுதியான உண்மை போலவே வருகிறது. அவை அதிர்வை உணரும் உறுப்புகளாக இருந்திருக்கலாம் என்பதே இன்று அதிகம் ஏற்கப்படும் கருத்து.

அப்புறம் பெயர். புதைபடிவ மீன்களை ஆராய்ந்த லூயி அகாஸி 1835-ல் இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டார். ஸ்காட்லாந்தின் கிளாமிஸில் கிடைத்த இனத்துக்குப் புவியியலாளர் சார்லஸ் லயல் நினைவாக செபலாஸ்பிஸ் லயெல்லி என்று பெயர். அதன்பின் லாட வடிவத் தலை கிடைத்தாலே செபலாஸ்பிஸ்தான் என்று ஏகப்பட்ட இனங்களை இதில் போட்டு நிரப்பினார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அவற்றில் பெரும்பாலானவற்றை வெளியே எடுத்துவிட்டன. பழைய நூலில் வரும் செபலாஸ்பிஸ் பேஜி இப்போது ஜெனாஸ்பிஸ் பேஜி. நீளம், வாழிடம் போன்ற தகவல்களை எடுத்தெழுதும் முன், அவை எந்த இனத்துக்கு உரியவை என்று பார்த்துவிடுங்கள்.