அயலூரைத் தாழ்த்தாமல் நகரத்தின் பெயரைத் துலக்குவது எப்படி?

"யாழ்ப்பாணம்" என்ற சொல் எந்த எல்லைவரை செல்லும் என்பதில் நமக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. கொழும்பில் இருப்பவருக்கு அது குடாநாடு முழுவதையும் குறிக்கும். ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குச் சில வேளைகளில் வன்னியும் அதற்குள் அடங்கிவிடும். ஆனால் பருத்தித்துறையில் 750ஆம் இலக்க பஸ்ஸுக்காக நிற்பவர் "யாழ்ப்பாணம் போட்டு வாறன்" என்று வீட்டாரிடம் சொல்லிப் புறப்படும்போது, அது அவருடைய ஊர் அல்லாத, முப்பது கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் வேறொரு நகரம். நகரத்தின் பெயரை உயர்த்த வேண்டும் என்று வர்த்தகர் சங்கத்திலோ, சனசமூக நிலையத்திலோ, பழைய மாணவர் சங்கத்திலோ கூட்டம் கூட்டுபவர்களுக்காகவே இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. அத்தகைய கூட்டங்கள் சிலவற்றில் செயலாளராக இருந்து கூட்டக்குறிப்பு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பேச்சு தடம் புரள்வது பெரும்பாலும் இந்த எல்லைக் குழப்பத்தில்தான்.

ஆகவே முதல் வேலை கணக்குப் பார்ப்பது. ஒரு தாளின் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கத்தில் நகரம் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒவ்வொன்றையும், வலப்பக்கத்தில் அது உண்மையில் எந்த ஊருக்குரியது என்பதையும் எழுதுங்கள். வெளிநாட்டு உறவுகளுக்குக் கட்டியனுப்பும் தட்டை வடை பருத்தித்துறைக்குரியது. தைப்பொங்கலன்று வானத்தை நிறைக்கும் விசித்திரப் பட்டங்கள் வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குரியவை. கேணி கீரிமலையில், கசூரினா கடற்கரை காரைநகரில். 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்த 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டது. 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமி தொண்டைமானாற்றுக்காரர். 1971இல் அதே நீரிணையைப் போகவும் வரவும் நீந்திய ஆழிக்குமரன் ஆனந்தன் வல்வெட்டித்துறைக்காரர். இவை அனைத்தையும் வலப்பக்கத்துக்குத் தள்ளிய பிறகும் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலும் அதன் 25 நாள் மகோற்சவமும், ஐங்கோணக் கோட்டையும், பொது நூலகமும், மணிக்கூட்டுக் கோபுரமும், பழைய கல்லூரிகளும், சந்தையும் நகர எல்லைக்குள் எஞ்சும். இவ்வளவு இருக்க, அயலாரின் வடையையும் பட்டத்தையும் நம் கணக்கில் எழுதுவதற்கு எந்தத் தேவையும் இல்லை. துண்டுப்பிரசுரம் அச்சிடும்போது ஒவ்வொன்றையும் உரிய ஊரின் பெயரோடு அச்சிடுங்கள். பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி ஆகிய மூன்று நகர சபைகளோடும் பிற்பாடு பேச வேண்டிய நாளில் படலை திறந்திருக்கும்.

அடுத்ததாக, பிறர் நம்மைப் பற்றிச் சொல்வதைச் சேகரிக்க வேண்டும். இது சற்று மனங்கூசும் வேலை. "பனங்கொட்டை சூப்பி" என்ற ஏளனத்தை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். கையிறுக்கக்காரர், தலைக்கனம் பிடித்தவர், மணியோடரில் வாழ்ந்தவர் என்பனவும் பழையவை. மட்டக்களப்பார் மந்திரம் செய்து, வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று நாம் சொல்லித் திரிந்ததையும், வன்னிக்கு இடமாற்றம் கிடைத்த ஆசிரியரைக் காட்டுக்குப் போகிறவர் போல வழியனுப்பி வைத்ததையும் அதே தாளில் எழுதிவைப்பதே நேர்மை. இவை பழைய கேலிகள் என்றால், வாள்வெட்டுச் செய்தி இன்றைய சரக்கு. தென்னிலங்கையில் பத்திரிகை வாசிப்பவருக்கு யாழ்ப்பாணம் என்றவுடன் நூலகத்துக்கு முன்பாக அது நினைவுக்கு வருமானால், அதனையும் மறைக்காமல் எழுதுங்கள். கருத்துக் கேட்கும்போது சொந்த ஊராரிடம் கேட்பதில் பயன் இல்லை. கிளிநொச்சியிலிருந்து செயலமர்வுக்கு வரும் ஆசிரியர், இங்குள்ள திருநெல்வேலியில் அறை எடுத்துப் பல்கலைக்கழகத்திற் படிக்கும் மட்டக்களப்பு மாணவி, தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறிச் சாரதி என்று பத்துப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்து, இங்கே எது எரிச்சலூட்டியது, எது பிடித்தது, ஊருக்குப் போய் எதைச் சொன்னீர்கள் என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேட்டு, மறுமொழியை அவர்கள் வாயில் வந்தபடியே எழுதுங்கள். இடையில் குறுக்கிட்டு நியாயம் பேசக்கூடாது.

பிறகு, உங்கள் நகரத்துக்கு நீங்களே அந்நியராக ஒரு முறை வந்து இறங்குங்கள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. நாங்கள் மூவர் ஒரு விடியற்புறம், கொழும்பு பஸ்கள் வந்து சேரும் நேரத்தில், தோளிற் பையோடு நின்று பார்த்தோம். இறங்கியவர்களில் ஒரு குடும்பம் நயினாதீவுக்குப் போக வந்த சிங்கள யாத்திரிகர்கள். படகுத்துறை இருக்கும் குறிகட்டுவானுக்கு முதலாவது பஸ் எங்கே நிற்கும் என்பதை அவர்கள் நான்கு பேரிடம் கேட்டார்கள், நான்கு பேரும் நான்கு திசையைக் காட்டினார்கள். மலசலகூடத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. சாவி வைத்திருப்பவர் ஆறு மணிக்கு வருவார் என்றார்கள். ஓட்டோக்காரர் ஒருவர் கோட்டைக்குப் போகச் சொன்ன கூலியைக் கேட்டு, ஊர்க்காரனாகிய எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் தேத்தண்ணீர்க் கடை வைத்திருந்த அம்மா, அந்தக் குடும்பத்தின் கைக்குழந்தைக்குச் சுடுநீர் கொடுத்து, காசு வேண்டாம் என்று கையை அசைத்துவிட்டார். அன்று காலை அவர்கள் ஊருக்கு எடுத்துச் செல்லத்தக்க நல்ல செய்தி அது ஒன்றுதான். எங்களிடம் அப்போது இருந்த திட்டமோ, நகர நுழைவாயிலில் பல இலட்சம் ரூபாயில் ஒரு வரவேற்பு வளைவு கட்டுவது.

வளைவைக் கைவிட்டு, மூன்று மொழியில் ஒரு கரும்பலகை வைத்தோம்: எந்த பஸ் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எது. பலகை எழுதும்போது மூன்று மொழியையும் அந்தந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் காட்டித் திருத்துவது கட்டாயம். வேறோரிடத்தில் பெருஞ்செலவில் நிறுவிய பலகையொன்றில் "யாழ்ப்பானம்" என்று றன்னகரம் போட்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன். பிறர் நம் எழுத்தைச் சிதைக்கும்போது கொதிக்கும் நாம், சிங்களத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே பலகையை நட்டுவிடுகிறோம்.

பூட்டிய மலசலகூடம், எரியாத வீதிவிளக்கு, அடைபட்ட வடிகால் ஆகியவை உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பு. இவற்றுக்காக முகநூலிற் பொங்குவதை விட, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் எழுதுவது விரைவாகப் பலன் தரும். துப்புரவுப் பராமரிப்புக்கு இவ்வாண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்று கேட்டால், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். கடிதத்தைக் குற்றச்சாட்டாக எழுதாமல் கேள்வியாக எழுதுங்கள். அடுத்த ஆண்டுக்கான பாதீடு தயாராகும் மாதங்களுக்கு முன்பே மறுமொழி கையில் இருந்தால், உங்கள் வட்டார உறுப்பினரிடம் கொடுத்துச் சபையிற் பேசவைக்கலாம்.

சுலோகம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் கூட்டம் கூடியவுடன் முதலில் கேட்கப்படுவது அதுதான். ஸ்கொட்லாந்தில் எடின்பரோவுக்கு எழிலும் கிளாஸ்கோவுக்கு அழுக்கும் சண்டையும் என்று நெடுங்காலம் பெயர் இருந்தது. 1983இல் கிளாஸ்கோ, தான் எவ்வளவோ மேல் என்ற பொருளில், சிரிப்பு என்ற சொல்லும் சிலேடையாய் ஒலிக்கும் ஒரு வாசகத்தோடு பெரும் விளம்பரம் செய்தது. 1990இல் ஐரோப்பாவின் கலாசார நகரமாகவும் ஆனது. இந்தக் கதையைச் சொல்பவர்கள், அதே 1983இல் அங்கே பரல் கலைச்சேகரம் என்னும் அருங்காட்சியகம் திறக்கப்பட்டதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். வாசகத்தை நம்பி வந்தவருக்குக் காட்ட ஒரு பொருள் இருந்தது. நகரின் வறிய குடியிருப்புகளுக்கு இதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வியும் அங்கே எழாமல் இல்லை. சுலோகத்தைக் கடைசியாக வையுங்கள். பலருக்கு அதற்குள் அது தேவைப்படாமலே போய்விடும்.

பெருமை பேசும்போது அளவுகோலைத் தவறவிடாதீர்கள். பொது நூலகத்தைத் "தென்கிழக்காசியாவின் மிகப்பெரிய நூலகம்" என்று மேடைகளிற் சொல்வதை இன்றும் கேட்கலாம்; இலங்கை தென்னாசியாவில் இருக்கிறது என்று சபையில் ஒரு மாணவர் எழுந்து சொன்னால், சொன்னவரோடு நூலகமும் கூசிப்போகும். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு தொடங்கிய எரிப்பில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பது மெய். அந்த மெய்க்கு மேல் எந்த அடைமொழியும் வேண்டியதில்லை.

இனி, மிகக் கடினமான பகுதிக்கு வருவோம். அயல் நகரங்களோடு நமக்குள்ள பிணக்கு வடையாலும் கேலியாலும் வருவது குறைவு. தண்ணீராலும் குப்பையாலும் வருவதே அதிகம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி நிற்கும் நிலத்தடி நீரே ஆதாரம், அதிலும் உரத்தின் நைத்திரேற்றும் கடலின் உவரும் ஏறிவருகின்றன. இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம் வந்தபோது, கிளிநொச்சி விவசாயிகள் தங்கள் நெல்லுக்கே போதாது என்று எதிர்த்தார்கள். அந்நாட்களில் நம் பக்கத்துத் திண்ணைகளிற் பேசப்பட்டதை நான் மறக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் தராத ஊர் என்றோம். அவர்களோ, கிணற்றைக் கெடுத்துவிட்டு எங்கள் குளத்துக்குக் கை நீட்டுகிறார்கள் என்றார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இருந்தது. முடிவில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் எடுக்கும் நிலையம் கட்டப்பட்டு, 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் திறந்துவைக்கப்பட்டது. நீர் வந்தது, திண்ணையில் விழுந்த சொற்கள் அப்படியே கிடக்கின்றன.

இத்தகைய விடயத்தில் உங்கள் சங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அறிக்கை விடுவதற்கு முன்னர் அயலூரின் விவசாயச் சம்மேளனத்தையோ மீனவர் சங்கத்தையோ நேரிற் சென்று சந்தியுங்கள். போகும்போது நம் பக்கம் என்ன சிக்கனம் செய்யப் போகிறோம் என்பதைக் கையில் எழுதிக்கொண்டு போக வேண்டும்: மழைநீரைக் கடலுக்கு ஓடவிடாமல் தேக்குவதற்கு எத்தனை குளங்களைத் தூர்வாரினோம், எத்தனை வடிகால்களைக் குளத்துக்குத் திருப்பினோம் என்று. வெறுங்கையோடு போய் உரிமை பேசினால், வாசலிலேயே பேச்சு முடிந்துவிடும். குப்பைக்கும் இதுவே முறை. நகரத்தின் கழிவு கல்லுண்டாய் வெளிக்குப் போகிறது. அங்கே தீப்பற்றும் நாட்களில் புகை நகரத்தாரின் முற்றத்துக்கு வருவதில்லை. நம் வீதியைக் கூட்டிப் பெருக்கிய படங்களைப் பெருமையோடு வெளியிடும் சிரமதானக் குழுக்கள், பைகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்ற கேள்விக்கும் மறுமொழி வைத்திருக்க வேண்டும். உக்குவதை வளவிலேயே பசளையாக்கும் வீடுகள் எத்தனை என்று எண்ணி வெளியிடுவது, பெருக்கிய வீதியின் படத்தை விட மேலானது.

அயலூர் வளரும்போது என்ன செய்வது என்பதும் பலரைத் தடுமாற வைக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021ஆம் ஆண்டு ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து எழுந்தபோது, நம்மிடமிருந்து ஒன்று பிரிந்து போய்விட்டது போல முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். வாழ்த்துக் கடிதம் ஒன்றை எழுதி, கூட்டாக ஒரு கண்காட்சி நடத்தலாமா என்று கேட்பதே செய்யத்தக்கது. பெயர் சூட்டும் விடயத்திலும் அவசரம் வேண்டாம்: இந்திய உதவியில் எழுந்த பதினொரு மாடிக் கலாசார மையத்துக்கு 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயர் வைக்கப்பட்டபோது, வள்ளுவரை விரும்பாதவர் எவரும் இல்லாத ஊரிலேயே எதிர்ப்பு எழுந்தது, பிறகு "யாழ்ப்பாணம்" என்ற சொல் முன்னே சேர்க்கப்பட்டது. முன்கூட்டியே ஊரைக் கேட்டிருந்தால் பலகையை ஒரு தடவை மட்டும் எழுதியிருக்கலாம்.

போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1904 முதல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடிவரும் 'வடக்கின் பெரும் போர்' என்னும் கிரிக்கெட் போட்டிக்கு இலண்டனிலிருந்தும் ஆட்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பகை நாள் குறித்து, மைதானத்தில், நடுவர் முன்னால் நடப்பதால்தான் நூறாண்டு கடந்தும் இனிக்கிறது. பஸ் நிலையம், சந்தை, மலசலகூடம் ஆகிய மூன்றையும் வைத்து யாழ்ப்பாணம், சாவகச்சேரி, பருத்தித்துறை, கிளிநொச்சி ஆகிய ஊர்களுக்கிடையே ஆண்டுக்கொரு போட்டி வையுங்கள். மதிப்பெண் இடுவோர் மன்னாரிலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ வரட்டும். முன்னறிவித்தல் இன்றி, விடியற்புறத்தில் வரட்டும்.

ஆறு மாதம் கழித்து, முதலிற் பேசிய அதே பத்துப் பன்னிரண்டு பேரைத் தேடிப் பிடித்து, அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் தாளில் லொறிச் சாரதியின் மறுமொழி மாறவே இல்லை. சந்தையில் அவருக்கு வண்டி நிறுத்த இன்னும் இடம் இல்லை. கரும்பலகை மட்டும் நிலைத்தது. முதல் வாரத்திலேயே நாங்கள் எழுதிய குறிகட்டுவான் பஸ் நேரத்தை ஒரு நடத்துநர் விரலால் அழித்து, வேறு நேரத்தை எழுதியிருந்தார். அவர் எழுதியதுதான் சரி. அன்றே சோக்குக்கட்டிப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டோம்.