வாசலுக்கு ஒரு நெற்கதிர் வளையம்

கதவில் மாட்டும் வட்ட அலங்காரத்துக்கென்று கம்பி வளையமும் தெர்மாக்கோல் வளையமும் கடையில் விற்கிறார்கள். காவிரிப் படுகையில் இருப்பவர்களுக்கு அது வீண் செலவு. பானை உருளாமல் இருக்க அடியில் வைப்போமே, அந்தப் பிரிமணையையே சற்றுப் பெரிதாகச் செய்துகொண்டால் போதும்.

முதலில் கதிர். அறுவடை இயந்திரம் இறங்கிய வயலில் கசங்கிய வைக்கோல்தான் மிஞ்சும். ஆகவே ஒரு வாரம் முன்பே வயல்காரரிடம் கேட்டு, பனி உலர்ந்த பிறகு அரிவாளால் அறுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 150 கதிர், ஒரு சாண் தாளோடு. நுனி மணி பொன்னிறமாகவும் அடி மணி லேசான பச்சையாகவும் இருப்பதுதான் பதம். நன்றாக முற்றியது கட்டும்போதே உதிரும். சிறு பிடிகளாகக் கட்டி நிழலில் தலைகீழாக 4 நாள் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் தாள் நொறுங்கும்.

அடுத்தது பிரி, அதாவது வளையத்துக்கான வைக்கோல் கயிறு. பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். காய்ந்த வைக்கோலை அப்படியே முறுக்கினால் ஒடியும். தண்ணீர் தெளித்து ஈரச் சாக்கால் அரை மணி நேரம் மூடி வையுங்கள். ஒரு பிடியை ஜன்னல் கம்பியில் மாட்டி, ஒரே திசையில் முறுக்கிக்கொண்டே போங்கள். முனை மெலியத் தொடங்கும் முன்பே அடுத்த வைக்கோலைச் செருக வேண்டும். மெலிந்த பிறகு செருகினால் அந்த இடத்தில் பிரிந்துவிடும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற உயரமான நெல்லின் வைக்கோல் கிடைத்தால் பாதி வேலை மிச்சம். கட்டை விரல் பருமனில் 2 மீட்டர் வந்ததும், 30 சென்டிமீட்டர் அகல வட்டமாக இரண்டு சுற்றுச் சுற்றி, நனைத்த வாழைநாரால் நான்கைந்து இடத்தில் இறுக்குங்கள். வளையம் நன்றாகக் காய்ந்த பிறகே கதிர் கட்டலாம். ஈரம் இருந்தால் பூசணம் பிடிக்கும்.

எட்டெட்டுக் கதிராகக் கொத்துக் கட்டி, முதல் கொத்தை வளையத்தின் மேல் வைத்து நாரால் மூன்று சுற்று இறுக்குங்கள். அடுத்த கொத்தின் கதிர்கள் முந்தையதின் தாளை மறைக்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கம் பார்க்கட்டும். கடைசிக் கொத்தின் தாளை முதல் கொத்துக்கு அடியில் செருகிவிட்டால் தொடக்கம் எது, முடிவு எது என்று தெரியாது.

தங்க நிறச் சாயம் அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம், குருவிகள் கொத்தித் தின்னும் நெல் அது.

மழைச் சாரல் படாத நிலைப்படியில் மாட்டுங்கள். பொங்கலுக்கு இரண்டு மாவிலைக் கொத்தும் ஒரு மஞ்சள் கொத்தும் செருகலாம். வாடியதும் அவற்றை மட்டும் மாற்றினால் போதும். தைக்குச் சம்பாக் கதிர் கிடைக்கும். வேளாங்கண்ணிப் பக்கம் கிறிஸ்துமஸுக்கு மாட்ட விரும்புகிறவர்கள், ஐப்பசிவாக்கில் குறுவைக் கதிரை எடுத்து உத்தரத்தில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையில் வைத்தால் எலி விடாது.