வாலிபர் கூட்டத்தை ஒரு நாள் டூர் கூட்டிப்போவது எப்படி

"இந்த வருசம் டூர் பொறுப்பு நீங்கதான் அண்ணே" என்று சர்ச் வாலிபர் கூட்டத்தில் யாராவது சொல்லி, எல்லாரும் கை தட்டிவிட்டால் முடிந்தது, இனி தப்பிக்க முடியாது. நான் நான்கு தடவை மாட்டியிருக்கிறேன்.

முதலில் இடம். பையன்கள் கன்னியாகுமரியில் ஆரம்பித்து எட்டு இடம் சொல்வார்கள். மூன்றுக்கு மேல் வைக்காதீர்கள். பாளையங்கோட்டையிலிருந்து ஒரே நாளில் போய்வர நான் சொல்வது மெஞ்ஞானபுரம், மணப்பாடு, இடையன்குடி. மெஞ்ஞானபுரத்து சர்ச் கோபுரம் 192 அடி, ஊருக்குள் நுழையுமுன்னே தெரியும். மணப்பாட்டில் கடலை ஒட்டி புனித சவேரியார் தங்கிய குகையும் அதற்குள் நல்ல தண்ணீர்க் கிணறும் இருக்கின்றன. இடையன்குடிக்கு மிஷனரி கால்டுவெல் வந்தது 1841-இல், அவர் கட்டிய கோயில் பிரதிஷ்டையானது 1880-இல். அவரை அடக்கம் செய்திருப்பதும் அந்தக் கோயிலுக்குள்தான். போகுமுன் அந்தந்தச் சேகரத்து ஐயரவர்களுக்கு, அதாவது அந்தந்த சர்ச் போதகருக்கு, போன் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துவிட்டு வர வேண்டியதுதான். தசராச் சமயத்தில் இந்தப் பக்கமே வேண்டாம், குலசேகரப்பட்டினத்துக் கூட்டத்தில் வேன் நகராது.

அடுத்து பணம். 24 பேர், வேன் வாடகை 9,600 ரூபாய் என்றால் தலைக்கு 400. கடைசி நாளில் ஐந்து பேர் "அண்ணே, எனக்கு பரீட்சை" என்று கழன்றுகொண்டால் மீதி 19 பேருக்கும் 505 ஆகிவிடும், அந்த 105 ரூபாயை யாரிடமும் கேட்க வாய் வராது, உங்கள் பையிலிருந்துதான் போகும். அதனால் வேன் பணத்தைப் பத்து நாள் முன்னாலேயே வாங்கிவிடுங்கள், வராவிட்டால் திரும்பக் கிடையாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். டிரைவர் பேட்டா வாடகையில் சேர்த்தியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று சொந்த போர்டு வண்டியை, அதாவது வாடகைக்கு ஓட்டப் பதிவு செய்யாத வண்டியை, பிடிக்காதீர்கள், ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான்.

பெண்பிள்ளைகள் வந்தால் பொறுப்பான ஒரு அக்கா கட்டாயம் கூட வர வேண்டும். அந்த அக்காவே வீடு வீடாகப் போய்ப் பேசினால் அனுமதி சீக்கிரம் கிடைக்கும், நான் போனால் அப்பாமார் காபி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மதியத்துக்குப் புளிச்சோறும் அவித்த முட்டையும் போதும். சர்ச் பெண்கள் ஐக்கியத்தில் கேட்டால் செய்து தருவார்கள், சாமான் மட்டும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம், தலை எண்ணுவது. உடன்குடியில் கருப்பட்டி வாங்க இறங்கினோம். ஏறியதும் "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டேன், "வந்தாச்சு" என்று வேனே அதிரக் கத்தினார்கள், நானும் நம்பிவிட்டேன். நாலு கிலோமீட்டர் போனபிறகு போன் வருகிறது, "அண்ணே, நான் இன்னும் கடையிலதான் நிக்கேன்." அன்றிலிருந்து கேட்பதே இல்லை. காலையிலேயே ஆளுக்கொரு நம்பர், ஏறியதும் வரிசையாகச் சொல்ல வேண்டும், 17 வரவில்லை என்றால் வண்டி கிளம்பாது. சின்னப்பிள்ளை மாதிரி என்று கல்லூரிப் பையன்கள் முணுமுணுப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள்.

மணப்பாட்டில் இரண்டு விஷயம். ஒன்று, அங்கே இருப்பது கத்தோலிக்கக் கோயில், நம் சபை இல்லை. பூசை நடந்தால் பின்னால் அமைதியாக உட்காருங்கள், சொரூபத்தைப் பற்றிய நம் பையன்களின் வியாக்கியானத்தை வேனிலேயே முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு, கடல். முழங்காலுக்கு மேல் யாரும் இறங்கக்கூடாது, நன்றாக நீந்தத் தெரிந்தவனும்தான், சொல்லப்போனால் அவன்தான் முதலில் ஓடுவான். கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவர்களிடம் எங்கே நிற்கலாம் என்று கேளுங்கள், அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நீங்களும் இன்னொருவரும் மணலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், செல்பி எடுக்கக் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

சாப்பிட்டதும் வேனில் எல்லாரும் தூங்கிவிடுவார்கள், டிரைவருக்கும் கண் சொக்கும். அதனால் இடையன்குடிக்குப் போகும்போது நன்றாக வாயடிக்கிற ஒருவனை முன் சீட்டில் உட்கார வையுங்கள். வாந்தி எடுப்பவர்களுக்கு பிளாஸ்டிக் கவரும் எலுமிச்சம்பழமும் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

ஏழு மணிக்குள் ஊர் திரும்பப் பாருங்கள். கோயில் வாசலில் இறக்கிவிட்டதும் வேலை முடியவில்லை, பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போக வீட்டிலிருந்து ஆள் வரும்வரை நீங்களும் அந்த அக்காவும் அங்கேயே நில்லுங்கள். வரவு செலவை அடுத்த கூட்டத்திலேயே வாசித்துவிடுங்கள், தேங்காய் பன் வாங்கிய 60 ரூபாய் உட்பட.