காட்ஸில்லாவை ஜுராசிக் விலங்காக வரைவது எப்படி?

ஜப்பானியப் படங்களில் வரும் ராட்சத விலங்கு காட்ஸில்லா. 1954-ல் திரைக்கு வந்த முதல் காட்ஸில்லா ஒரு ரப்பர் உடுப்பு. அதற்குள் நின்று நடந்தவர் ஹருவோ நகாஜிமா என்ற நடிகர். ஆள் நிமிர்ந்து நின்றதால் விலங்கும் நிமிர்ந்து நின்றது, வாலைத் தரையில் இழுத்துக்கொண்டே போனது. அந்தக் காலத்து டைனோசர் ஓவியங்களும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தன. இன்று நமக்குத் தெரிந்த எலும்பு அமைப்பை வைத்து அதையே நிஜ விலங்காக மாற்றி வரையப் போகிறோம்.

தேவையானவை: ஏ4 தாள், எச்பி, 2பி பென்சில்கள், 30 செ.மீ. அளவுகோல், ட்ரேசிங் பேப்பர், பழைய காலண்டர் அட்டை, கத்தரிக்கோல், ஒரு குண்டூசி.

1. எந்த விலங்கை அடிப்படையாக எடுப்பது?

எல்லோரும் நேராக டி-ரெக்ஸிடம் போய்விடுவார்கள். அதற்குக் கையில் இரண்டே விரல்கள், காலமும் ஜுராசிக்குக்கு அடுத்து வந்த கிரெட்டேசியஸ். காட்ஸில்லாவுக்கு நான்கு விரல்கள். படத்தில் வரும் பேராசிரியரும் அதை ஜுராசிக் காலத்தோடுதான் சேர்க்கிறார். (அந்தக் காலம் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்பார். அதைக் கண்டுகொள்ள வேண்டாம், நமக்கு வேண்டியது சுமார் 15 கோடி.)

செரட்டோசாரஸை எடுங்கள். ஜுராசிக் காலத்து வேட்டை விலங்கு, கையில் நான்கு விரல், போதாததற்கு முதுகின் நடுக்கோட்டில் சிறு எலும்புத் தட்டுகளின் வரிசை. பெரிய தட்டுகளுக்குப் பெயர்போன ஸ்டெகோசாரஸும் இது கிடைத்த அதே மாரிசன் பாறைப் படிவத்தில், மேற்கு அமெரிக்காவில்தான் கிடைத்தது. மூக்குக் கொம்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

2. அளவு

படத்தில் உயரம் 50 மீட்டர். அது நடக்காது. செரட்டோசாரஸ் சுமார் 6 மீட்டர் நீளம். நாம் அதை இரட்டிப்பாக்கி 12 மீட்டரில் நிறுத்துவோம். டி-ரெக்ஸ் எட்டிய நீளம்தான் அது.

நீளம் 2 மடங்கானால் எடை 8 மடங்காகும். ஆனால் கால் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு 4 மடங்குதான் கூடும். அதே சுமையைத் தாங்க எலும்பின் விட்டம் 2.8 மடங்காக வேண்டும். அதாவது, அப்படியே பெரிதாக்கிய காலைவிட சுமார் 40 சதவீதம் தடிமனாக வரையுங்கள். இதைச் செய்யாத படத்தில் யானை உடம்புக்குக் கொக்குக் கால் ஒட்டினாற்போல் இருக்கும்.

3. எலும்புக் கோடு

தாளைப் படுக்கவாட்டில் வைத்து 24 செ.மீ. கிடைக்கோடு போடுங்கள். 2 செ.மீ. என்பது 1 மீட்டர். மூக்கு நுனியிலிருந்து 11.5 செ.மீ.யில் இடுப்பு, அதற்குப் பின்னால் முழுவதும் வால். தலைக்கு 2.5 செ.மீ. போதும். இடுப்பிலிருந்து தரை வரை 6 செ.மீ.

காலில்தான் பலர் சறுக்குகிறார்கள். கறிக்கடையில் தொங்கும் முழுக்கோழியைப் பாருங்கள். முட்டி முன்பக்கம் மடங்கியிருக்கும். பின்பக்கம் மடங்கியதுபோல் தெரிவது கணுக்கால். தொடை 2.6 செ.மீ. முன்னோக்கிச் சரிவாக, கெண்டைக்கால் 2.5 செ.மீ. பின்னோக்கி, பாத எலும்பு 1.4 செ.மீ. மறுபடி முன்னோக்கி. தரையில் படுவது மூன்று விரல்கள் மட்டும், குதிகால் அந்தரத்தில்.

வாலின் அடிப்பகுதியை ஒல்லியாக்காதீர்கள். தொடையைப் பின்னால் இழுக்கும் பெரிய தசை வாலிலிருந்துதான் புறப்படுகிறது. முதல் 4 செ.மீ. வரை வால் கிட்டத்தட்ட இடுப்பளவு பருமனாக இருக்கட்டும். உள்ளங்கைகள் தரையைப் பார்க்கக் கூடாது. கைதட்டப் போவதுபோல் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். இவ்வகை விலங்குகளால் மணிக்கட்டைக் கவிழ்த்துத் திருப்ப முடியாது.

4. குண்டூசிச் சோதனை

கால்களை விட்டுவிட்டு உடலை மட்டும் ட்ரேசிங் பேப்பரில் எடுத்து, காலண்டர் அட்டையில் வெட்டுங்கள். இடுப்புக்கு 1 செ.மீ. முன்னால், முதுகை ஒட்டிக் குண்டூசி குத்தித் தொங்கவிடுங்கள். தலை கவிழ்ந்தால் வாலைத் தடிமனாக்குங்கள் அல்லது மார்பைக் குறையுங்கள். வால் தாழ்ந்தால் நேர்மாறாக. நிஜ விலங்கின் மார்பை இலேசாக்கும் நுரையீரல் அட்டைக்குக் கிடையாது, ஆகவே துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம். பெரிய பிழை மாட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். பாதம் அந்தக் குண்டூசிக்கு நேர்கீழே வர வேண்டும்.

5. தட்டுகள்

நடு வரிசையில் மிகப் பெரியது 2.5 செ.மீ.; இடுப்புக்கு மேலே வையுங்கள். ஸ்டெகோசாரஸின் பெரிய தட்டுகளும் அந்தப் பகுதியில்தான் இருந்தன, பாரமும் கால்மேலே இறங்கும். ஆனால் அதில் பெரியது ஏறத்தாழ 60 செ.மீ.தான், நம்முடையது அதைப்போல் இரட்டிப்பு. அடையாளத்துக்காக இந்த ஒரு மிகையை அனுமதிக்கலாம். இரு புறமும் 0.5 முதல் 0.8 செ.மீ. வரை சிறு வரிசைகள். தட்டைத் தண்டுவடத்தில் செருகினாற்போல் வரையாதீர்கள். அவை தோலுக்குள் வளர்ந்தவை. அடியில் தோல் தடித்து மேடாக எழும்ப வேண்டும்.

6. முகமும் தோலும்

1954 உடுப்பில் இருந்த சின்னக் காது மடல்களை எடுத்துவிட்டுக் கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை வையுங்கள். மண்டையோட்டு ஓட்டைகளைத் தோல்மேல் பள்ளமாகக் காட்டாதீர்கள், பட்டினி கிடந்த விலங்காகத் தெரியும்.

செரட்டோசாரஸின் உறவான கார்னோட்டாரஸின் தோல் பதிவு கிடைத்திருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று படியாத பொடிச் செதில்கள், இடையிடையே ஒழுங்கில்லாமல் பெரிய புடைப்புகள். 5 மி.மீ. செதில் நம் அளவில் 0.1 மி.மீ. ஆகிவிடும், ஒவ்வொன்றாக வரைய உட்கார்ந்தால் பாம்புச் சட்டைதான் மிஞ்சும். 2பி பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, புடைப்புகளை மட்டும் புள்ளியாக வையுங்கள். நிறம் பச்சையல்ல, கரிச் சாம்பல்.

அந்த உடுப்பின் முரட்டுத் தோல், அணுகுண்டில் தப்பியவர்களின் தழும்புகளை நினைவூட்டுவதாகச் சொல்வார்கள். அதை முழுக்கத் துடைத்துவிட்டால் பாதி காட்ஸில்லா போய்விடும். கழுத்திலும் விலாவிலும் மூன்று நான்கு தழும்புகளை விட்டுவையுங்கள்.

கடைசியாக, இன்னொரு ட்ரேசிங்கில் உருவம் முழுவதையும் கறுப்பாக நிரப்பி நான்கு அடி தூரத்தில் வையுங்கள். பார்ப்பவர் "ஏதோ டைனோசர்" என்றால் நடுத் தட்டுகளை இன்னும் அரை செ.மீ. உயர்த்தி, அவற்றின் ஓரத்தில் மூன்று நான்கு கூரிய வெட்டுகள் சேர்த்து மறுபடி காட்டுங்கள்.