உதகை விடுதியில் தண்ணீர் பாட்டிலை மாற்றிய அனுபவம்

உதகையில் பன்னிரண்டு அறைகள் கொண்ட ஒரு விடுதியை நான் நிர்வகித்து வருகிறேன். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. நீலகிரியில் தண்ணீர் பாட்டில்களுக்கும் கட்டுப்பாடு உண்டு என்பதால், அறைகளில் கண்ணாடிப் பாட்டில்களில் தண்ணீர் வைத்தோம். ஆனால், சீல் இல்லாத தண்ணீரை நம்பாத விருந்தினர் பலர் அதைத் தொடவே இல்லை. அறையைச் சுத்தம் செய்யும் அக்கா, நிறைந்த பாட்டில்களைக் காலையில் தொட்டியில் கவிழ்ப்பதைப் பார்த்து எனக்கு மனம் பொறுக்கவில்லை.

தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். உப்பின் அளவு குறைவாகவே இருந்தது, அதனால், உப்பை நீக்குவதற்கான எங்கள் ஆர்.ஓ. கருவி தேவையே இல்லாமல் நீரைக் கழிவாக வெளியேற்றிக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்தது. அதை எடுத்துவிட்டு, வடிகட்டியும் புற ஊதா விளக்கும் கொண்ட கருவியை ஒவ்வொரு மாடியிலும் பொருத்தி, பரிசோதனை அறிக்கையையும் பக்கத்திலேயே ஒட்டினேன். காலிப் பாட்டிலை மட்டும் அறையில் வைத்து, விருந்தினர் வந்ததும் அவர்கள் கண்முன்னே நிரப்பித் தரச் செய்தேன். நம்பிக்கை ஏற்பட அதுவே போதுமானதாக இருந்தது.

குறுகிய கழுத்துள்ள பாட்டில்களின் அடிவரை பிரஷ் எட்டாமல் பாசி வாடை வந்தது. அகன்ற வாய்ப் பாட்டில்களுக்கு மாறி, தினமும் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து உலர்த்திய பிறகே அது நின்றது.